கோடைத் தவளையும் ஒரு வருட ஜிம்மும்

ஆலங்குளக் கரையில் பொன்னப்பன் என்றொரு தவளை இருந்தது. கார்த்திகை மழையில் ஈசலை அளவில்லாமல் தின்று, அதன் தொப்பை தரையைத் தொட்டது. தாவினால் பாதி தூரத்தில் பொத்தென்று விழும்.

அந்தச் சமயம் பார்த்துக் குரங்கு சிங்காரம் கரையோர ஆலமரத்தடியில் ஜிம் திறந்தது. தொங்குவதற்கு விழுது, தூக்குவதற்குக் கூழாங்கல்.

"வாங்க அண்ணாச்சி! ஒரு வருஷத்துக்குச் சேர்ந்தா பாதிக் கட்டணம். இன்னைக்கு ஒரு நாள்தான்!"

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா, மாஸ்டர்?"

"தாராளமா! ஆனா நாளைக்கு முழுக் கட்டணம்."

குரங்கு ஒரு தேக்கிலையை நீட்டியது. இரண்டு பக்கமும் பொடி எழுத்தும் பெரிய எழுத்துமாக நிறைந்திருந்தது. பொன்னப்பன் ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. ஈரக் காலை அழுத்தி முத்திரை வைத்துவிட்டது. இலையைக் குரங்கே எடுத்து வைத்துக்கொண்டது.

பங்குனி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. குளம் வற்றத் தொடங்கியதும் பொன்னப்பன் விடைபெறப் போனது.

"மண்ணுக்குள்ள போற காலம் வந்தாச்சு மாஸ்டர். இனி மழைக்குத்தான் வருவேன்."

"அதெப்படி? பின்பக்கம் எழுதியிருக்கே! வருஷம் முடியும் முன் நடுவில் நின்றுவிடுபவரின் வளை ஜிம்முக்குச் சொந்தம்."

பொன்னப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தது. தினமும் வெயிலில் வந்தால் தோல் காய்ந்து சாக வேண்டியதுதான். வராவிட்டால் வளை போய்விடும். வளை இல்லாமல் கோடையைத் தாண்டிய தவளை எந்தக் குளத்திலும் கிடையாது.

விஷயத்தைக் கேட்ட மனைவி முத்தாள் தலையில் அடித்துக்கொண்டது.

"கோடை முழுக்கத் தூங்குறவரு, பன்னெண்டு மாசத்துக்குக் கால் பதிச்சீங்களாக்கும்!"

அவ்வளவுதான் திட்டு. உடனே இரண்டும் ஜிம்முக்குத் தாவின.

"இலையைக் காட்டுங்க மாஸ்டர்," என்றது முத்தாள்.

"அது ஜிம்மோட இலை."

"கால் பதிச்சது எங்க வீட்டுக்காரர். படிக்க எங்களுக்கு உரிமை உண்டு. காட்டலேன்னா இங்கேயே உட்கார்ந்து கத்துவேன். எங்க சத்தம் உங்களுக்குத் தெரியும்!"

குரங்கு முனகிக்கொண்டே கொடுத்தது. முத்தாள் பின்பக்கத்தை எழுத்து விடாமல் படித்தது. பிறகு திருப்பி முன்பக்கத்தையும் படித்தது. அங்கே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'உறுப்பினர் எங்கே இருந்தாலும் தினமும் நேரில் வந்து பயிற்சி தருவோம்.'

"ரொம்ப நல்லது மாஸ்டர். இவர் நிற்கலை. நாளையிலேர்ந்து மூணு அடி ஆழத்துல, சேத்துக்குள்ள இருப்பார். தினமும் வந்து பயிற்சி கொடுங்க."

"சேத்துக்குள்ளயா? மூச்சு முட்டிச் செத்துப்போவேன்! அது சும்மா விளம்பரத்துக்கு எழுதினதும்மா!"

"முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் மட்டும் சட்டமோ?"

கல் தூக்கிக்கொண்டிருந்த முயலும் கீரியும் கல்லைக் கீழே போட்டன. "எங்க இலையையும் எடுங்க!" என்றன.

சிங்காரம் அவசரமாகப் பின்பக்க நிபந்தனையைச் சுரண்டி எடுத்தது. மீதி மாதங்களை மழைக்குப் பின் தருவதாக எழுதிக் கொடுத்தது. முத்தாள் அதையும் இரண்டு முறை படித்து, ஒரு நகல் வாங்கிக்கொண்ட பிறகே நகர்ந்தது.

அன்று மாலை இரண்டும் வளைக்குள் இறங்கின.

"கோபமா?" என்று மெதுவாகக் கேட்டது பொன்னப்பன்.

"கோபம்தான். மழை வரட்டும், பேசிக்கலாம். இப்போ பக்கத்துல வந்து படுங்க."

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்தையும் படியுங்கள். அது உங்களைக் கட்டுவதுபோலவே, எழுதியவனையும் கட்டும்.