பக்கம் முடியுமுன்னே சொன்ன எண்

நாகர்கோவில்ல புத்தகம் அமைச்சுக் குடுக்கிற ஒரு ஆபீஸ்ல, ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தாவ. குருவுக்கு வயசு முப்பத்திமூணு. சீடருக்கு ஐம்பத்தஞ்சு.

குரு பேரு ஹெப்சிபாய். சீடரு பேரு ஞானசிகாமணி. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருந்தவரு. பள்ளிக்கூடத்தை மூடினதும் இங்க வேலைக்கு வந்து சேந்தாரு. நம்மகிட்ட படிச்ச பிள்ளைங்க வயசுல இருக்கவளைப் போயி டீச்சர்னு கூப்பிடணுமான்னு, முதல் வாரம் பூராவும் "இங்க கொஞ்சம் பாருங்கம்மா"ன்னு ஒப்பேத்தினாரு. ஒருநாள் தன்னை அறியாமலே டீச்சர்னு வாயில வந்துட்டு. அன்னையிலேருந்து அப்படித்தான். விஷயம் வீட்டுக்காரம்மா காதுக்குப் போச்சு. முப்பது வருஷமா என் பேச்சைக் கேக்காத மனுஷன் இன்னொருத்தி பேச்சைக் கேக்காரான்னு சந்தோஷப்பட்டு, ஆபீஸுக்கு ஒரு தூக்கு நிறைய முந்திரிக்கொத்து சுட்டுக் குடுத்து விட்டா. அது கல்லு மாதிரி இருந்துது. வாட்ச்மேனுக்கு ஒரு பல்லு ஆட்டம் கண்டுட்டு. அதை விடுங்க.

அங்க புத்தகம் அமைக்கிற முறை வேற மாதிரி. பாட்டையோ பாடத்தையோ எழுதிக் குடுத்தாப் போதும், வரியை ஒடிக்கிறது, பக்கத்தை வெட்டுறது எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கிடும். அதுல ஒரு வசதி உண்டு. எழுத்துக்கு நடுவுலயே சின்னதா ஒரு புரோகிராமைச் செருகி வைக்கலாம். கம்ப்யூட்டர் வாசிச்சுக்கிட்டே வரும். புரோகிராமைக் கண்டா நிக்கும், சொன்ன வேலையைச் செய்யும், திரும்பவும் விட்ட இடத்துலேருந்து வாசிக்கும். ஹெப்சி இதைச் சொல்லிக் குடுத்த அன்னைக்கு சிகாமணி சாருக்கு ராத்திரி தூக்கம் இல்ல. கணக்கு வாத்தியாருல்லா, புதுசா ஒரு சூத்திரம் கெடைச்ச மாதிரி ஆயிட்டு.

அந்தச் சமயத்துலதான் ஒரு சபைக்காரங்க பாட்டுப் புத்தகம் கொண்டுவந்து குடுத்தாவ. அறுநூத்திப் பன்னெண்டு பாட்டு. எல்லாம் அகர வரிசையில. கடைசியில அட்டவணை வேணும், எந்தப் பாட்டு எந்தப் பக்கம்னு. முன்னெல்லாம் இந்த அட்டவணையை லில்லிபுஷ்பந்தான் போடுவா. பத்தொம்பது வருஷமா அங்க புரூஃப் பாக்கவ. புத்தகம் பூரா அமைச்சு முடிச்சப்புறம், ஒவ்வொரு பக்கமாப் புரட்டி, கையால எண்ணைக் குறிச்சு எடுக்க நாலு நாள் ஆகும். அவளுக்கு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுற பழக்கம் கெடையாது, ரப்பர் தொப்பி ஒண்ணு விரல்ல மாட்டியிருப்பா. மீன் வாங்கப் போகும்போதும் கழத்த மறந்துட்டுப் போயிருக்கா. மீன்காரி விரல்ல என்ன காயம்னு கேட்டு, மனசு எளகி ரெண்டு சாளை கூடப் போட்டாளாம்.

சிகாமணி சார் சொன்னாரு, நாலு நாள் எதுக்கு, நான் நாலு நொடியில எடுத்துத் தாரேன்னு. ஒவ்வொரு பாட்டுத் தலையிலயும் மூணு வரி புரோகிராம் செருகி வச்சாரு. இப்போ எந்தப் பக்கம்னு கேளு, எண்ணைக் குறிச்சு வை. அம்புட்டுதான். பத்துப் பாட்டை வச்சு ஓட்டிப் பாத்தாரு. பத்தும் சரியா இருந்துது.

ஹெப்சி அப்போ ஊர்ல இல்ல. அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு ஒரு மாச லீவு. போகும்போது சொல்லிட்டுப் போனா, அச்சுக்கு அனுப்புமுன்ன எனக்கு ஒரு போன் போடுங்க அண்ணாச்சின்னு. அவரு போடல. மறந்ததும் இல்ல. எதுக்குப் போடணும்னு இருந்துட்டாரு.

புஷ்பம் கேட்டா, அட்டவணையை ஒருக்காப் புரட்டிப் பாத்துரட்டுமான்னு.

"கம்ப்யூட்டர் போட்ட எண்ணை நீங்க திருத்தப் போறீயளாக்கும்?"ன்னாரு.

பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாவ. அவளும் சிரிச்ச மாதிரி சிரிச்சா. பாட்டை மட்டும் வாசிச்சுப் பாத்துட்டு, எப்பவும் போல 'சரிபார்த்தேன்'னு கடைசித் தாள்ல கையெழுத்தைப் போட்டா. புத்தகம் அச்சுக்குப் போயி, பைண்டிங் ஆகி, சபைக்குப் போயிட்டு.

அதுக்கப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துது. சிகாமணி சார் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சித்தி. எண்பத்தேழு வயசு. சாகுற வரைக்கும் தன் துணியைத் தானே தொவைச்சவ. மருமக மேல நம்பிக்கை இல்லன்னு இல்ல, சோப்பு மேலதான் கவலைம்பா. அந்தச் சித்தி போயிட்டா. அடக்க ஆராதனைக்கு எல்லாரும் அதே சபையோட சர்ச்சுக்குப் போயிருந்தாவ. போதகரு அட்டவணையைப் பாத்து, முந்நூத்திப் பதினெட்டாம் பக்கம்னாரு. எல்லாரும் புரட்டினாவ. புதுசாச் சேத்த பாட்டு, யாருக்கும் மனப்பாடம் இல்ல. ஆர்கன்ல ஒரு ராகம் கேக்கு, புத்தகத்துல வேற பாட்டு நிக்கி. முன் வரிசையில ரெண்டு மூணு பேரு கண்ணுல பட்டதைப் பாட ஆரம்பிச்சுட்டாவ. அது கல்யாணப் பாட்டு. மணவாளன் வாறான், வாசலை அலங்கரியுங்கன்னு. பெட்டி பக்கத்துல உக்காந்திருந்த சித்தப்பா, தொண்ணூறு வயசு மனுஷன், தலையைத் தூக்கிச் சுத்திச் சுத்திப் பாத்தாரு.

அடக்கப் பாட்டு முந்நூத்திப் பத்தொம்பதுல இருந்துது.

சிகாமணி சாருக்குக் கையில இருந்த புத்தகம் சுட்டுது. காலையிலதான் மச்சினன்மாருகிட்ட, இது நான் செஞ்ச புத்தகமாக்கும்னு காட்டியிருந்தாரு. இப்போ அட்டை தெரியாம நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு. கல்லறைத் தோட்டத்துக்கு எல்லாருக்கும் பின்னால நடந்தாரு. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாட்டாப் புரட்டினாரு. நாப்பத்தேழு பாட்டுக்கு எண் ஒண்ணு குறைச்சலா இருந்துது. பாக்கி எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை சபையிலேருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்துது. இதை யாரு சரிபாத்ததுன்னு ஒரே கேள்வி. மேனேஜர் கடைசித் தாளை எடுத்தாரு, புஷ்பத்தைக் கூப்பிட்டாரு. எல்லாரும் இருக்கையில, பத்தொம்பது வருஷம் என்னத்தைப் பாத்தேன்னு கேட்டாரு. அவ ஒரு சொல்லுதான் சொன்னா.

"கையெழுத்து என்னுதுதான்."

நாளையிலேருந்து வரவேண்டாம்னுட்டாரு. சிகாமணி சார் தண்ணிக் கேன் பக்கத்துல நின்னாரு. டம்ளர் நெறைஞ்சு வழிஞ்சு செருப்பு நனைஞ்சுது. அட்டவணை என் வேலைன்னு சொல்லல. புஷ்பம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கிட்டு அவரைத் தாண்டிப் போனா. போகும்போது, வாறேன் சார்னு சொல்லிட்டுப் போனா. வையாமப் போனதுதான் அவரால தாங்க முடியல.

சனிக்கிழமை ஹெப்சி வந்துட்டா. வந்ததும் காலியா இருந்த நாற்காலியைப் பாத்தா. நடந்ததை வாட்ச்மேன் சொன்னாரு. பிறகு சிகாமணி சார் போயி முன்னால நின்னாரு. அவருக்குக் கேக்க வேண்டியது ஒண்ணு, கேட்டது ஒண்ணு.

"புரோகிராம்ல தப்பே இல்ல டீச்சர். நூறு தடவை பாத்துட்டேன். பிறகு எப்படி எண்ணு தப்பும்?"

ஹெப்சி கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. பைண்டிங்ல வேலை பாக்குற ஏசுவடியானோட மகளுக்கு அன்னைக்குக் கல்யாணம், ஆபீஸுக்கே அழைப்பு. சாப்பாட்டு நேரத்துக்கு மண்டபத்துக்குப் போவோம் அண்ணாச்சின்னா.

மண்டபத்துல சாப்பாட்டு ஹால் வாசல்ல அவரை நிறுத்தினா. உள்ள ஒரு பந்திக்கு எண்பது இலை. வாசலைத் தாண்டுற ஒவ்வொருத்தருகிட்டயும், உங்களுக்கு எத்தனாம் பந்தின்னு நீங்க சொல்லணும், தப்பாச் சொல்லக் கூடாதுன்னா.

கணக்கு வாத்தியாருக்கு இது ஒரு வேலையா? எண்பது பேரு வரைக்கும் முதல் பந்தி, எண்பத்தொண்ணுலேருந்து ரெண்டாம் பந்தி. விரலை மடக்கி எண்ணி எண்ணிச் சொன்னாரு. ஒருத்தரைக் கூட விடல. எழுபத்தாறாவதா ஒரு பெரியவரு வந்தாரு, வெள்ளைச் சட்டை, கையில குடை. உங்களுக்கு முதல் பந்தி, போயி உக்காருங்கன்னு அனுப்பினாரு. பெரியவரும் போயி உக்காந்து, இலையில தண்ணி தெளிச்சு, உப்பும் வாங்கிட்டாரு.

உள்ள நடந்தது வேற. ஒரு அம்மா மகளுக்குன்னு நாற்காலியில பையை வச்சா. வீடியோக்காரரு பசி தாங்காம ஒரு இலையில உக்காந்துட்டாரு. மாப்பிள்ளை வீட்டுல நாலு பேரு, ஒண்ணாத்தான் உக்காருவோம்னு நின்னுட்டாவ. அதுல ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குக் கோவம். பந்தி விசாரிக்கிறவரு சுத்திப் பாத்துட்டுப் பெரியவருகிட்ட வந்து, நீங்க ஒத்தையாத்தானே வந்திருக்கீய, அடுத்த பந்திக்கு வாங்கன்னு எழுப்பிட்டாரு.

பெரியவரு குடையை எடுத்துக்கிட்டு எழும்பினாரு.

"எனக்கு முதல் பந்தின்னு அந்த வாசல்ல நிக்கிற சார்தான சொன்னாவ?"

எல்லாத் தலையும் வாசப்பக்கம் திரும்பிச்சு. சிகாமணி சார் உள்ள ஓடினாரு. பெரியவரு கையைப் பிடிச்சு, தப்பு என்னுதுதான் ஐயா, நான்தான் தெரியாம முந்திச் சொல்லிட்டேன்னு அத்தனை பேரு முன்னாலயும் சொன்னாரு. ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டு, ரெண்டாம் பந்தி வரைக்கும் அவரு பக்கத்துலயே நின்னாரு. பெரியவருக்குக் கோவம் போயிட்டு. தான் முப்பத்தொரு கல்யாணத்துல பந்தி விசாரிச்ச கதையையும், ஒரு கல்யாணத்துல பாயசத்துல உப்பு விழுந்த கதையையும் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. முழுசும் கேட்டுட்டுத்தான் சிகாமணி சார் வெளிய வந்தாரு.

"எண்ணிக்கை தப்பிட்டா அண்ணாச்சி?"ன்னா ஹெப்சி.

"எண்ணிக்கை தப்பல்ல டீச்சர்."

"பிறகு?"

தான் நின்ன வாசலைத் திரும்பிப் பாத்தாரு.

"வாசல்ல வச்சுச் சொல்லிட்டேன். பந்தி அமர்ந்த பிறகுல்லா சொல்லியிருக்கணும்."

ஆபீஸுக்குத் திரும்பி வரும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிட்டு. கம்ப்யூட்டர் பாட்டை வாசிக்கும்போதே அவரு புரோகிராம் பக்கத்தைக் கேட்டுது. அது வாசிக்கிறது முந்தி, பக்கத்தை வெட்டுறது பிந்தி. பாட்டோட முதல் வரி தன்னந்தனியா அடியில நிக்கக் கூடாதுன்னு, அந்தப் பாட்டை முழுசா அடுத்த பக்கத்துக்குத் தள்ளிட்டா, எண் பழசுதான். அப்படித் தள்ளிப் பக்கத்தோட தலையில வந்து நின்ன நாப்பத்தேழு பாட்டுக்கும் அதுதான் நடந்திருக்கு. வாசிக்கும்போது ஓடாதே, பக்கம் கட்டி வெளிய போகும்போது ஓடுன்னு புரோகிராமுக்குச் சொல்லி வைக்க ஒரு வழி உண்டு. ஹெப்சி அதைக் காட்டினா. ஒரே ஒரு சொல்லைத்தான் மாத்த வேண்டியிருந்துது. மாத்தி ஓட்டினாரு. நாப்பத்தேழும் நேராயிட்டு. முந்நூத்திப் பத்தொம்பதும் வந்துட்டு.

சிகாமணி சார் திரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பிறகு நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாரு. இன்னைக்கு நல்ல பாடம் படிச்சேன் டீச்சர், எதையும் முந்திச் சொல்லக் கூடாது, எல்லாம் அமரட்டும்னு பொறுக்கணும்னாரு. அதே மாதிரி புஷ்பம் விஷயத்துலயும் கொஞ்சம் பொறுக்கலாம்னு பாக்கேன்னாரு. சபைக்காரங்க கோவம் ஆறட்டும், மேனேஜரும் சமாதானம் ஆகட்டும், பக்குவமா ஒருநாள் நான்தான்னு சொல்லிருவேன்னாரு. சொல்லும்போது அவரு கண்ணு ஹெப்சியைப் பாக்கல, அந்தக் காலி நாற்காலியையும் பாக்கல.

ஹெப்சி கேட்டா.

"குடை வச்சிருந்த பெரியவருகிட்ட தப்பு என்னுதுன்னு எப்ப சொன்னீய அண்ணாச்சி?"

"அவரு எழும்பின உடனே."

"பந்தி முடியட்டும்னு நீங்க பொறுக்கலையே?"

"எப்படி டீச்சர் பொறுக்க? அத்தனை பேரு முன்னால அந்த மனுஷன் நின்னுக்கிட்டுல்லா இருந்தாரு."

ஹெப்சி எழும்பி மேனேஜர் அறைக் கதவைப் பாத்தா. உள்ள லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்துது.

"புஷ்பம் அக்கா நேத்துலேருந்து நின்னுக்கிட்டு இருக்கா அண்ணாச்சி."