சந்தனமேரியின் கூனல் துப்பாக்கி

குரு என்றால் சீடரைவிட வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்னத் துப்பாக்கி சுடும் கிளப்பில் குருவுக்கு முப்பதைத் தாண்டி ஓரிரு வருடம். சீடருக்கு நாற்பத்து மூன்று.

குருவின் பெயர் நூர்ஜஹான். கிளப்பில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சீடர் சந்தனமேரி, லேடீஸ் டெய்லர். சுடுகிறவர்கள் போடும் விறைப்பான கான்வாஸ் கோட்டைத் தைத்துக் கொடுக்கத்தான் அவள் முதலில் கிளப்புக்குள் வந்தாள். கோட்டு சரியாக உட்காருகிறதா என்று தானே போட்டுப் பார்த்தவள், துப்பாக்கியையும் ஒரு தரம் பிடித்துப் பார்த்தாள். அதோடு ஆள் மாட்டிக்கொண்டாள்.

காற்றுத் துப்பாக்கிதான். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கிற காகிதத்தில் ஓட்டை போடும், அவ்வளவுதான். அந்த ஓட்டை நடுவில் விழுந்த நாளில் சந்தனமேரிக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கிளப்பில் பொதுத் துப்பாக்கி ஒன்றே ஒன்று. போன வருடம் மாவட்டப் போட்டியில் அவளும் இன்னொருத்தியும் ஒரே நேரத்தில் சுட வேண்டி வந்தது. சீட்டுக் குலுக்கியதில் துப்பாக்கி இன்னொருத்திக்குப் போயிற்று. சந்தனமேரி கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அடுத்த வருடம் சொந்தத் துப்பாக்கியோடு வந்து நிற்க வேண்டும், மாநிலப் போட்டிக்குத் தேறியே தீர வேண்டும். புதுத் துப்பாக்கி வாங்கக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கி, மாஸ்டரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கோத்துக்கொள்ளலாம்.

ஏலச்சீட்டுப் பணம் கைக்கு வந்த மறுநாள் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

“மாஸ்டர், ஒன்னு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“குழல் வாங்கணும், டிரிகர் வாங்கணும், குறி பாக்க சைட் வாங்கணும், தோள்ல வச்சுப் பிடிக்கக் கட்டை வாங்கணும். எல்லாத்தையும் ஒசத்தியா வாங்க நம்மால ஆகாது. எதை நல்லதா வாங்கட்டும், எதை ஒப்பேத்தட்டும்?”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“நம்ம சாம்பியன் நிவேதனா வச்சிருக்கே, அந்த நீலக் கலர் அலுமினியக் கட்டை. அதை வாங்கிப்புட்டு மத்ததைப் பழசா தேத்திரலாம்னு பாக்குறேன்.”

ஊக்குப் பாக்கெட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிற பெண்மணி நீலப் பெயிண்டைப் பார்த்ததும் இப்படி ஆகிவிட்டாள். ஆசை யாரை விட்டது!

மாஸ்டர் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டே கேட்டார். “ஒரு பொண்ணு கல்யாண ஜாக்கெட் தைக்க வருது. கையில காசு கம்மி. எதைக் குறைப்பீங்க?”

“லேஸைக் குறைப்பேன். முத்து, குஞ்சம் எல்லாம் வேணாம்பேன்.”

“துணியை?”

“அய்யய்யோ. சாயம் போற துணியை நான் கையாலயும் தொட மாட்டேன்.”

“கடலை எடுத்துக்கங்க” என்றார் மாஸ்டர்.

கடலையை மென்று முடிப்பதற்குள் சந்தனமேரிக்கு விளங்கிவிட்டது. குண்டு ஓடுகிற குழலையும் விரல் படுகிற டிரிகரையும் நல்லதாகப் பார்த்து வாங்கினாள். சைட் சாதாரணமானதுதான். அதோடு பணம் தீர்ந்தது. கட்டைக்கு மரக்கடையில் மிச்சப்பட்ட வாகைத் துண்டு ஒன்று கிடைத்தது.

கட்டையின் அளவுக்கு யாரிடமும் போகவில்லை. ஊருக்கே அளவெடுக்கிறவள் அவள். கடைக் கண்ணாடி முன்னால் நின்று, விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துப் பிடித்துத் தன்னைத் தானே அளந்தாள். காக்கித் தாளில் வரைந்து, வெட்டி, தச்சரிடம் கொடுத்து அறுத்து வாங்கினாள். வார்னிஷ் அடித்துக் கோத்து முடித்தபோது கிளப்பே கூடி நின்று பார்த்தது. அம்சமான துப்பாக்கி. நேராக, நெட்டுக்குத்தலாக, பளபளவென்று இருந்தது.

ஆனால் ஒழுங்காகச் சுடவில்லை.

முதல் சில குண்டுகள் நடுவில் போகும். பிறகு ஒவ்வொன்றாக வலப்பக்கம் ஒதுங்கும். கழுத்து கடுக்கும். குழலைக் கழற்றித் துடைத்தாள். டிரிகரைத் திருகிப் பார்த்தாள். குண்டு மாற்றினாள். போட்டி நெருங்க நெருங்க அவளுக்கு உறக்கம் போயிற்று. கடைசியில் கண் கலங்க மாஸ்டரிடம் வந்தாள்.

“ஓவர்லாக் மெஷினை விக்க ஆள் பாத்துட்டேன் மாஸ்டர்.”

“எதுக்குக்கா?”

“அந்த நீலக் கட்டையை வாங்கிருறேன். மரக்கட்டை என்னை ஏமாத்திருச்சு.”

துணிக்கு ஓரம் அடிக்கிற அந்த மெஷின் போனால் கடையில் பாதி வேலை போய்விடும். அது மாஸ்டருக்கும் தெரியும்.

“காலையில கடைக்கு வர்றேன். எனக்கு ஒரு சுடிதார் தைக்கணும்” என்றார் மாஸ்டர்.

சந்தனமேரிக்குச் சுருக்கென்றது. நான் எதைச் சொல்லி அழுகிறேன், இந்தம்மாவுக்குச் சுடிதாராம்! ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

காலையில் மாஸ்டர் வந்தார். சந்தனமேரி டேப்பை எடுத்தாள். தோள், கை, மார்பு என்று வரிசையாக அளந்து இடுப்புக்கு வந்தாள். டேப்பு சுற்றி வந்ததும் மாஸ்டர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். லேசாக இல்லை, முதுகெலும்பில் ஒட்டுகிற மாதிரி.

“மூச்சை விடுங்க மாஸ்டர்.”

மாஸ்டர் விடவில்லை. கண்ணாடியைப் பார்த்து இன்னும் நிமிர்ந்தார். முகம் சிவந்து வந்தது.

சந்தனமேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எல்லாப் பொம்பளைங்களும் இதைத்தான் செய்றீங்க. டேப்பு பட்டதும் வயித்தை எக்கிக்கிறது. அப்புறம் பந்தியில உக்கார முடியலைன்னு என்னைத் திட்டுறது. நான் தைக்கிறது உங்களுக்கா, இல்ல நீங்க மூச்சைப் பிடிச்சு நிக்கிற அந்த ஆளுக்கா?”

மாஸ்டர் மெதுவாக மூச்சை விட்டார். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தனமேரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

துப்பாக்கியை எடுத்து வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு தான் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி அல்லவா நின்றிருந்தாள்! இப்போது கண்ணை மூடி, உடம்பைத் தளர விட்டு, பிறகு கண்ணைத் திறந்தாள். இருபது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் குனிந்த உடம்பு தெரிந்தது. வலத்தோள் இறங்கியிருந்தது. கழுத்து முன்னால் நீண்டிருந்தது. அவள் தோளில் துப்பாக்கிக் கட்டை சேரவே இல்லை. நிமிர்ந்து நின்ற முதல் சில குண்டுகளுக்குத்தான் அது சேர்ந்திருக்கிறது.

“நான் இப்படியா இருக்கேன் மாஸ்டர்?”

“ஆமாக்கா.”

ஒரு கணம் அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டாள்.

“இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஜெயிக்க முடியுமா?”

“வேற உடம்பு வச்சிருக்கீங்களா?”

அன்று மத்தியானமே வார்னிஷ் போட்ட கட்டையில் ரம்பம் ஏறியது. வலத்தோள் எங்கே இறங்குகிறதோ அங்கே கட்டையின் அடியும் இறங்கியது. கன்னம் எங்கே நீளுகிறதோ அங்கே ஒரு மரத்துண்டு எழும்பி எட்டிப் பார்த்தது. ஜாக்கெட்டைக் கச்சாத் தையல் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒட்டினாள், சுட்டாள், பிரித்தாள், இழைத்தாள், மறுபடி ஒட்டினாள். போட்டிக்கு முன்னால் அது ஒரு நிலைக்கு வந்தபோது, பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்தது. துப்பாக்கிக்குக் கூன் விழுந்திருந்தது.

ஓவர்லாக் மெஷின் கடையிலேயே இருந்தது.

போட்டி நாளில் சிரிக்காத ஆள் இல்லை. “என்னக்கா, துப்பாக்கிக்குச் சுளுக்கா?” என்றான் ஒருவன். “எண்ணெய் தேய்ச்சு உருவி விடுங்க” என்றான் இன்னொருவன். சோதனை மேஜையில் அதிகாரிகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், அளந்தார்கள். விதிப்படி ஒரு குறையும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

சந்தனமேரி தனக்கு ஒதுக்கிய சுடும் கோட்டில் போய் நின்றாள். நிமிரவில்லை. கடையில் மெஷின் முன்னால் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள். துப்பாக்கி அவளிடம் வந்து சேர்ந்தது. கன்னத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, தோளைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூச்சை விட்டாள். பாதி மூச்சில் விரல் தானாக அசைந்தது. நடுவில் விழுந்தது.

அடுத்ததும் நடுவில். அதற்கடுத்ததும்.

பக்கத்துக் கோடுகளில் பெருமூச்சும் முனகலும் கேட்டன. இவளுக்குக் கழுத்து கடுக்கவில்லை, கை நடுங்கவில்லை. நேரம் போனதே தெரியவில்லை. காலையில் சுளுக்கு விசாரித்தவன் பின்னால் வந்து நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவன் பின்னால் ஒரு கூட்டம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

பலகையில் பெயர்கள் வந்தன. முதலில் நிவேதனா. அடுத்த வரியில் சந்தனமேரி. மாநிலப் போட்டிக்குத் தேவையான புள்ளியைத் தாண்டி எங்கேயோ போயிருந்தாள்.

நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! கான்வாஸ் கோட்டு குனியக்கூட விடாது. அதைப் போட்டுக்கொண்டே குதித்தாள். மாஸ்டரைத் தூக்கிச் சுற்றினாள். விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிவேதனா வந்தாள். சாம்பியன் என்ற கனம் இல்லாத பெண்.

“அக்கா, இதை நான் ஒரு தடவை சுட்டுப் பாக்கலாமா?”

“தாராளமா பாரு கண்ணு.”

அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு நிவேதனா துப்பாக்கியை வாங்கினாள். தோளில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சுட்டாள். குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது. இன்னொன்றும் வெளியே. மூன்றாவது காகிதத்தின் ஓரத்தில்.

“எனக்கு இது வரவே மாட்டேங்குதுக்கா. எப்படித்தான் சுட்டீங்களோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சந்தனமேரிக்கு முகம் சுண்டிவிட்டது. இருக்காதா பின்னே? மாவட்டத்திலேயே நன்றாகச் சுடுகிற கையில் சுடாத துப்பாக்கி, மாநிலப் போட்டியில் காலை வாரிவிட்டால்? கூட்டம் கலையும் வரை பொறுத்திருந்து மாஸ்டரிடம் போனாள்.

“மாஸ்டர், சாம்பியன் கையிலயே சுடலையே. துப்பாக்கியில இன்னும் ஏதும் குறை இருக்கா?”

மாஸ்டர் துப்பாக்கியை வாங்கி உறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“அவ கையில நல்லா சுட்டிருந்தா, உங்களை வேற கட்டை அறுக்கச் சொல்லியிருப்பேன்கா.”