சரியான கேள்விக்காக வெட்டிய குழி

நெட்டிக்கோட்டைக்காரர்கள் அறிவை எளிதில் செலவழிக்க மாட்டார்கள். தேய்ந்துபோனால் திரும்பக் கிடைக்காது என்று அஞ்சுவார்கள். அவ்வூரில் கூத்தையன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி அங்கம்மைக்கு நிறைமாதம். மகள் பூரணிக்குப் பத்து வயது.

ஒருநாள் பூரணி, "அப்பா, அம்மா வயித்துக்குள்ள பாப்பா எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். கூத்தையன் எழுந்தான், ஓடினான். ஊரெல்லை தாண்டிய பிறகுதான், கேள்வி பின்னால் துரத்தி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் அகப்பட்டவன் அவன் அண்ணன் வீரணன். அவனும் ஓடியிருப்பான், காலில் முள் தைத்திருந்தது. "உங்கம்மா பூசணிக்காயை விதையோட தின்னுட்டா. அதுதான் உள்ளே கிடந்து வளருது" என்றான்.

அன்றிலிருந்து பூரணி சோற்றைத் தொடவில்லை. எந்தக் கவளத்தில் எந்தக் குழந்தை ஒளிந்திருக்குமோ என்று பயம். மோர் மட்டும் குடித்தாள். அதையும் துணியில் வடிகட்டித்தான் குடித்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. மகளின் தட்டில் சோறு ஆறிக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்கக் கூத்தையனுக்கும் தொண்டையில் இறங்கவில்லை.

அங்கம்மையைப் பார்க்க வந்த மருத்துவச்சி சந்தனம்மாள் சங்கதியைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பூசணிக்காயாம்! ஏய்யா கூத்தையா, பிள்ளை கேட்டா உள்ளதைச் சொல்லணும். ஓடக் கூடாது. அவ கண்ணும் உன் கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கிற மாதிரி நின்னு பேசு. ஆடு குட்டி போடுறதை வச்சு ஆரம்பி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. இதெல்லாம் சின்ன வயசுலேயே சொல்லத் தொடங்கியிருக்கணும்!"

"நானே சொல்லிடறேன்" என்று அங்கம்மை வாயெடுத்தாள்.

"என்னைப் பார்த்துத்தானே சொன்னாங்க? நீ சும்மா இரு" என்றான் கூத்தையன்.

அவன் அண்ணனையும், மைத்துனன் மாசானத்தையும் அழைத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனான். மூவரும் மோவாயில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

"நான் உசரம், அவ குட்டை. ஒரே மட்டத்துல எப்படி நிக்கிறது?" என்றான் கூத்தையன்.

"அவ வளர்ற வரைக்கும் காத்திருக்கலாம்" என்றான் வீரணன்.

"சாப்பிடாத பிள்ளை எப்படிண்ணே வளரும்?"

மாசானம் நெடுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத்தான், குழி வெட்டி உள்ளே இறங்கி நில்லுங்க. உசரமும் குறையும், ஓடவும் முடியாது."

"அடேங்கப்பா! ரெண்டு வேலைக்கு ஒரே குழி!" என்று வீரணன் வியந்தான். இத்தனை புத்தி ஒரு வீட்டுக்கு ஆகாதே என்று கூத்தையனுக்குக் கவலையாகக்கூட இருந்தது.

வெட்டினார்கள். பூரணி வந்து நின்றபோது கண்கள் ஒரே மட்டத்தில் இருந்தன. பசிக் களைப்பில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மட்டம் போச்சு!" என்று அலறி மேலும் வெட்டினார்கள். அவள் முழங்காலில் தலை சாய்த்தாள், மறுபடியும் வெட்டினார்கள். முடிவில் மூன்று தலைகள் மட்டும் பூசணிக்காய்களைப் போலத் தரைமேல் தெரிந்தன.

"ஏம்ப்பா குழிக்குள்ள நிக்கிறே?" என்றாள் பூரணி.

"அது வேற கேள்வி. சரியான கேள்வியைக் கேளும்மா."

"ஆடு எதுக்கு?" என்றாள். பக்கத்து முளையில் ஓர் ஆடு கட்டியிருந்தது. பெரிய ஆடாக இருந்தால் பிறப்பதும் பெரிதாகத் தெரியும் என்று மாசானம் ஊரிலேயே பருத்ததாகப் பார்த்து ஓட்டி வந்திருந்தான்.

"இப்போ குட்டி போடும் பாரு" என்றான் கூத்தையன்.

"மாமா, அது கிடா."

"கிடான்னா ஆடு இல்லையா?" என்று மாசானம் கேட்டான். "மருத்துவச்சியம்மா ஆடுன்னுதான் சொன்னாங்க. அதுக்கு மேல அவங்களும் சொல்லலே, நானும் கேக்கலே."

கிழக்கே இக்கதையைச் சொல்பவர்கள் அது வெள்ளாட்டுக் கிடா என்பார்கள். மேற்கே செம்மறிக் கிடா என்பார்கள். எதுவாயினும் அது ஈனவில்லை. வெகுநேரம் மூவரும் அதன் பின்புறத்தையே நம்பிக்கையோடு பார்த்திருந்தார்கள். கிடாவுக்குப் பொறுமை போயிற்று, திரும்பிற்று. முட்டுவதற்கு வாகான உயரத்தில் மூன்று தலைகள் வரிசையாகத் தெரிந்தால் எந்தக் கிடாதான் சும்மா இருக்கும்? கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ, ஏறி ஓடுங்க!" என்றான் மாசானம்.

"ஓடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா!" என்று கூத்தையன் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். முதல் முட்டு வீரணனுக்கு. இரண்டாவதும் அவனுக்கே, பூசணிக்காய்க்கான பலன் என்று கிடா நினைத்ததோ என்னவோ.

பூரணிக்குச் சிரிப்பு வரவில்லை. குழி ஓரத்தில் குந்தி, அடங்கிய குரலில் கேட்டாள்: "அப்பா, சோறு தின்னா எனக்கும் வயித்துல பாப்பா வந்துடுமா?"

கூத்தையன் அவளுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தான். இருந்தாலும் கட்டளை கட்டளைதானே. "முதல்ல கேட்டது இது இல்லையேம்மா" என்றான்.

கொல்லைவாசலில் நின்று கேட்ட அங்கம்மை, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து மகளருகே உட்கார்ந்தாள்.

"வராதுடி, கண்ணு. சோறு போற பை வேற, பாப்பா வளர்ற பை வேற. அதுக்குக் கருப்பைன்னு பேரு. பெரியவங்களானப்புறம் அம்மாகிட்டேருந்து ஒரு சின்ன முட்டையும், அப்பாகிட்டேருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு விதையும் சேர்ந்தாத்தான் பாப்பா. வெளியே வர்றதுக்கும் அம்மா உடம்புல தனி வழி இருக்கு. ஆடு குட்டி போடுறதைப் பார்த்திருக்கியே?"

"அவ்வளவுதானா?" என்றாள் பூரணி.

"இப்போதைக்கு இவ்வளவுதான். இன்னும் தோணுச்சுன்னா எப்ப வேணாலும் கேளு."

"சரி. பசிக்குதும்மா."

குழிக்குள் வீரணன் முட்டு வாங்கிய தலையைத் தடவிக்கொண்டான். பிறகு அவன் குரல் கரகரத்தது: "தம்பி, அப்போ நான் கல்யாணம் ஆன நாளா பூசணிக்காயைத் தொடாம இருந்தது வீணாடா?"

சில நாளில் அங்கம்மைக்கு ஆண் குழந்தை பிறந்தது. சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று சந்தனம்மாள் சொன்னதைக் கூத்தையன் மறக்கவில்லை. மகள் விஷயத்தில் செய்த தாமதம் மகனுக்கு நேரக் கூடாது. பிள்ளையோ தரையில் பாயில் கிடந்தது. ஆகவே பாயை ஒட்டி வீட்டுக்குள்ளேயே குழி வெட்டினார்கள். அங்கம்மை விளக்குமாற்றைத் தேடி எடுப்பதற்குள் அது கழுத்தளவு ஆழமாகிவிட, மூவரும் இறங்கி மோவாயைத் தரையில் ஊன்றிப் பிள்ளையின் முகத்தையே பார்த்து நின்றார்கள்.

பிள்ளை கண் விழித்து வீறிட்டது.

"கேட்டுட்டான்!" என்றான் கூத்தையன்.

மூலையில் உட்கார்ந்து இரண்டாம் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த பூரணி, "அவனுக்குப் பால் வேணுமாம்ப்பா" என்றாள்.

"பார்த்தியா, வெக்கப்படுறான். பேச்சை மாத்துறான்" என்றான் வீரணன்.

வெட்கம் தெளியட்டும் என்று மூவரும் அங்கேயே காத்து நின்றார்கள். இன்றைக்கும் நிற்பதாக மேற்கே சொல்கிறார்கள். கிழக்கே சொல்பவர்களோ, பையனுக்குப் பேச்சு வந்ததும் அவன் குழிக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா உள்ளே நிக்கிறே?" என்று கேட்டானாம் என்கிறார்கள். அது வேறு கேள்வியாகையால், கூத்தையன் பதில் சொல்லவில்லையாம்.