ஒப்புக்கொண்டவன்

“அவனே ஒத்துக்கிட்டான், மேடம். இனி விசாரிக்க என்ன இருக்கு?”

அருள்மணி இதை எரிச்சலோடு கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வு முறைகேடுகளை விசாரிக்கும் குழுவின் செயலாளர். குழுவின் தலைவராகப் புதிதாக வந்திருந்தவர் பேராசிரியர் மெஹருன்னிசா. அருள்மணியின் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு காலத்தில் வழிகாட்டியவர். இப்போது இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவர் முன்னால் அருள்மணி நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்.

மாணவன் பெயர் இசக்கிராஜா. வேதியியல், இரண்டாம் ஆண்டு. பிற்பகல் தேர்வின்போது அவன் பெஞ்சுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று கிடந்தது. பிட். கண்காணிப்பாளர் அதை அப்படியே உறையில் போட்டு, அரக்கு வைத்து அனுப்பிவிட்டார்.

“எப்படி ஒத்துக்கிட்டான்?” என்று மெஹருன்னிசா கேட்டார்.

“நான்தான் பேசினேன், மேடம். இல்லைன்னு சாதிச்சு, அப்புறம் நிரூபணமாச்சுன்னா ஒரு வருஷம் போயிடும். ஒத்துக்கிட்டா அந்த ஒரு பேப்பரோட முடிஞ்சிடும். பசங்க வாழ்க்கை வீணாகக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் முதல்லயே இதைச் சொல்லிடுவேன். நான் வந்ததுலேர்ந்து ஒரு வழக்குகூட இழுபட்டதில்ல. எல்லாருமே ஒத்துக்கிட்டாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாருமே.”

மெஹருன்னிசா கோப்பை மூடினார்.

“பையனைக் கூப்பிடுங்க.”

“கையெழுத்தே போட்டுட்டான், மேடம்.”

“பரவாயில்ல. நான் இன்னும் அவனைப் பார்க்கல.”

இசக்கிராஜா வந்தான். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தான்.

“பிட் உன்னோடதா?”

“ஆமா, மேடம்.”

“எங்க வச்சு எழுதின?”

“ஹாஸ்டல்ல.”

“என்ன எழுதின?”

அவன் அருள்மணியைப் பார்த்தான்.

“அவரைப் பார்க்காத. என்னைப் பார்த்துச் சொல்லு. என்ன எழுதின?”

“ஃபார்முலா, மேடம்.”

“எந்த ஃபார்முலா?”

அவன் கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது.

“நீயே உட்கார்ந்து எழுதினதுதானே? ஒண்ணாவது ஞாபகம் இருக்குமே.”

“பயத்துல மறந்துட்டேன், மேடம். ஆனா என்னோடதுதான். நான்தான் எழுதினேன்.”

மெஹருன்னிசா மேசையில் இருந்த உறையை எடுத்துத் திருப்பினார். அரக்கு உடையாமல் இருந்தது.

“அருள்மணி, இதை நீங்க பிரிக்கவே இல்லையா?”

“ஒத்துக்கிட்டதால… தேவைப்படல, மேடம்.”

மெஹருன்னிசா உறையைக் கிழித்தார். காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். பார்த்துவிட்டு அருள்மணியின் பக்கம் தள்ளினார்.

அதில் ஒரு மண்புழு இருந்தது. நுணுக்கமாக வரைந்து, உடலுக்குள் ஓடும் உணவுக் குழாயின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எழுதியிருந்தது.

உறை மாறிவிட்டதோ என்றுதான் அருள்மணி முதலில் நினைத்தார். மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். அதே எண். அதே ஹால். கண்காணிப்பாளரின் கையெழுத்து.

“அன்னைக்குக் காலையில அந்த ஹால்ல யாருக்குப் பரீட்சை?”

“விலங்கியல்…” என்றார் அருள்மணி.

“தம்பி, இது உன்னோடது இல்ல.”

இசக்கிராஜா மேசையை நெருங்கி வந்தான்.

“என்னோடதுதான், மேடம். மாத்திடாதீங்க.”

“என்னப்பா சொல்ற?”

“நான்தான் ஒத்துக்கிட்டேன்ல? ஒரு பேப்பரோட முடியும்னு சார் சொன்னாங்க. இப்ப இல்லைன்னு சொன்னா முதல்லேர்ந்து விசாரிப்பீங்க. ஒரு வருஷம் போயிடும். அதுக்கு மேல எங்க வீட்ல படிக்க விட மாட்டாங்க, மேடம். உப்பளத்துக்குத்தான் போகணும்.”

“நீ பிட் கொண்டுபோனியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எதைச் சொன்னா அந்த ஒரு வருஷம் போகாது, மேடம்?”

அருள்மணி எழுந்துவிட்டார். எதற்காக எழுந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. இதே கேள்வியைப் போன வருடம் ஒரு பெண் அவரிடம் கேட்டிருந்தாள். பவளச்செல்வி. ‘எதைச் சொன்னா சார் சீக்கிரம் முடியும்?’ கெட்டிக்காரப் பெண், விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள் என்று அப்போது நினைத்திருந்தார்.

மெஹருன்னிசா கையெழுத்திட்ட ஒப்புதலை எடுத்து, அதன் குறுக்கே கோடு போட்டார். வழக்கைத் தள்ளுபடி செய்வதாகக் கீழே எழுதிக் கையொப்பமிட்டார்.

“உனக்குப் பேப்பரும் போகாது. வருஷமும் போகாது. வீட்டுக்குத் தெரியுமா?”

“தெரியும், மேடம். பெத்தவங்ககிட்ட சொல்லியாகணும்னு சார் சொன்னாங்க. காப்பியடிச்சேன்னு எங்க ஐயாகிட்ட சொன்னேன். ஐயா ஒண்ணுமே சொல்லல. போனை வச்சுட்டாங்க.”

“இப்பவே கூப்பிட்டுச் சொல்லு.”

அவன் வராந்தாவுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. அவன் பேசுவது உள்ளே கேட்டது.

“ஐயா… நான் காப்பியடிக்கல, ஐயா… இல்ல, அது சும்மா சொன்னது… இல்ல, ஐயா, இதுதான் நிஜம்… சத்தியமா… அது பொய், இதுதான் நிஜம்…”

கொஞ்ச நேரத்தில் அவன் வாசலில் வந்து நின்றான். போன் இன்னும் கையில் இருந்தது.

“நம்ப மாட்டேங்கிறாங்க, மேடம்.”

மெஹருன்னிசா அருள்மணியைப் பார்த்தார். அருள்மணி போய்ப் போனை வாங்கினார்.

“ஐயா, நான் இங்க காலேஜ்ல… உங்க பையன்மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது. ஆமாங்க. நான்தான் அப்படிச் சொல்ல வச்சேன்.”

மறுமுனையில் அந்த மனிதர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அருள்மணி நெடுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு போனைப் பையனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

“பழைய உறைகள் எங்க இருக்கு?” என்று மெஹருன்னிசா கேட்டார்.

“அலமாரியில.”

“பிரிச்சது எத்தனை?”

ஒன்றுகூட இல்லை என்று அருள்மணி தலையை ஆட்டினார்.

“போன வருஷம் பவளச்செல்வின்னு ஒரு பொண்ணு, மேடம்… படிப்பையே விட்டுட்டுப் போயிட்டா.”

“தேடிக் கண்டுபிடிங்க. எல்லாரையும் திரும்பக் கூப்பிடுவோம்.”

“எல்லாரும் நிரபராதின்னு சொல்றீங்களா?”

“தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

அருள்மணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இவன் முகத்தைப் பார்த்தே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா, மேடம்?”

“இல்ல. தப்புச் செஞ்சவன் மாதிரிதான் தெரிஞ்சான்.”

“அப்புறம் எப்படி?”

“கேட்டேன்” என்றார் மெஹருன்னிசா. “நீங்க அவன்கிட்ட என்ன கேட்டீங்க?”

அன்று வராந்தாவில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, தோளில் கை வைத்துத் தான் பேசியதையெல்லாம் அருள்மணி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார்.

அதில் ஒரு கேள்விகூட இல்லை.