தவசிக்கண் குடும்பம் ஏரி பார்த்த கதை

தவசிக்கண் குடும்பத்துக்கு மூளை இல்லன்னு ஊர்ல யாரும் சொன்னதில்ல. இருக்கு. செலவழிக்காம அப்படியே பத்திரமா வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் கோடை லீவுக்கு இவங்க மலை மேல இருக்கிற ஏரியப் பார்க்கக் கிளம்புவாங்க. தலைவர் எப்பவும் தவசிக்கண்தான். ஒரு வருஷம்கூட ஏரியக் கண்ணால பார்த்ததில்ல. இந்தத் தடவை பொண்டாட்டி பொன்மாரி முடிவாச் சொல்லிட்டா. இன்னிக்கும் ஏரியக் காட்டலன்னா, அடுத்த வருஷத்துல இருந்து அவ தம்பி சொரிமுத்துதான் தலைவர். தவசிக்கண்ணுக்குப் பகீர்னு ஆயிடுச்சு. மச்சினன் முன்னால கைய வீசிட்டுப் போக, இவரு பின்னால தண்ணிக் கேன் தூக்கிட்டுப் போறதா?

அடிவாரத்துல வனக்காவலர் ரெண்டே விஷயம் சொன்னாரு. சுமையக் குறைச்சுக்கிட்டு ஏறுங்க. உச்சி வெயில் வந்தா மர நிழல்ல உக்காந்துருங்க, பொழுது சாயுற வரைக்கும் நிழல விட்டு வெளிய வராதீங்க.

சுமையக் குறைக்கணும்ல? அங்கயே தூக்குச்சட்டியத் திறந்து புளியோதரை, அவிச்ச முட்டை, முறுக்கு எல்லாத்தையும் தின்னு முடிச்சாங்க. பை காத்தாட்டம் லேசாயிடுச்சு. ஆனா ஒருத்தராலயும் எந்திரிக்க முடியல. பையில இருந்த சுமை பக்கத்துல எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு சொரிமுத்துக்குச் சந்தேகம். புதர் புதராத் தேடிப் பார்த்தாங்க. கிடைக்கல.

மூச்சு வாங்கி மேல வந்து சேர்றதுக்குள்ள உச்சி வெயில். மேட்டு மேல ஒத்தை நாவல் மரம். அந்தப் பக்கச் சரிவுல இறங்குனா ஏரி. குளிக்கிறவங்க சத்தம்கூடக் கேக்குது. ஈரத் தலையோட திரும்பி வந்தவங்க, இந்தா, நாலு எட்டு வச்சாத் தெரியும்னாங்க. நாலு எட்டும் வெயில்ல இருக்கே. தவசிக்கண் பல்லக் கடிச்சுக்கிட்டு நிழல்லயே உக்காந்திருந்தாரு.

கொஞ்ச நேரத்துல அவரு முழங்கால்ல சுள்ளுன்னு சுட்டுச்சு. பார்த்தா, கால் வெயில்ல நீட்டிக்கிட்டு இருக்கு.

"அத்தான், நீங்க நகர்ந்துட்டீங்க," ன்னான் சொரிமுத்து.

"நான் அசையவே இல்ல மாப்ள."

யாரு நகர்றாங்கன்னு பார்த்துருவோம்னு, நிழல் ஓரத்துல ஒரு செருப்பக் கழட்டி வச்சாங்க. கொஞ்ச நேரத்துல செருப்பும் வெயில்ல கிடந்துச்சு.

"செருப்பும் நகர்ந்துருச்சு," சொரிமுத்து குரலத் தாழ்த்திச் சொன்னான். "கால் இல்லாமலே."

பொன்மாரிக்குத்தான் உண்மை விளங்குச்சு. "செருப்பு எப்படிடா தனியாப் போகும்? மரம்தான் நடக்குது. நிழலும் அது கூடவே போகுது."

"அது அங்கயேதான நிக்குது?" ன்னு தவசிக்கண் கேட்டாரு.

"நம்ம பார்க்கிறப்ப நிக்கும்."

நிழல் போகப் போக மூணு பேரும் உக்காந்தபடியே தேய்ச்சுத் தேய்ச்சு நகர்ந்தாங்க. பொழுது சாயச் சாய நிழல் நீண்டு சரிவுல இறங்குச்சு. இவங்களும் இறங்குனாங்க. சொரிமுத்து டவுசர் பாதி வழியில கிழிஞ்சுபோச்சு. கடைசியில காலு சில்லுன்னுச்சு. நிமிர்ந்து பார்த்தா, ஏரி. அந்தி வெளிச்சத்துல செவசெவன்னு தளும்புது.

தவசிக்கண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "பார்த்தியா பொன்மாரி? ஏரியக் காட்டிட்டேன்ல?"

"நீங்க எங்க அத்தான் காட்டுனீங்க? மரம்ல நம்மளக் கூட்டிட்டு வந்துச்சு," ன்னான் சொரிமுத்து.

தண்ணியில காலத் தொங்கப் போட்டுக்கிட்டே பொன்மாரி ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம் தீர்ப்புச் சொன்னா. புருஷனும் இல்ல, தம்பியும் இல்ல, அடுத்த வருஷத்துக்கு மரம்தான் தலைவர். மச்சினன் வரலயே, அது போதும்னு தவசிக்கண் ஒத்துக்கிட்டாரு.

அடுத்த வருஷம் லீவு விட்ட அன்னிக்கே மூட்டை முடிச்சோட பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டாங்க. முன்னாடி ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கு. டிரைவர் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டாரு. தவசிக்கண் கேட் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துட்டு, மரத்த இன்னும் காணோமேன்னாரு.

"தலைவர்னா லேட்டாத்தான் வருவாங்க அத்தான்," ன்னான் சொரிமுத்து. "நீங்க மாலையக் கையில எடுத்து வச்சுக்கோங்க."