முச்சந்தியில் ஒரு ஞானத்தகப்பன்

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பதும், பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்கு வாங்கிக்கொள்வதும் நமக்குப் பழக்கமான சங்கதிதான். செர்பியர்கள் அந்தக் காலத்தில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். குழந்தையை முச்சந்தியில் கிடத்திவிட்டுப் பெற்றவர்கள் புதரில் ஒளிந்துகொள்வார்கள். கிடத்திய பிறகு யார் முதலில் குழந்தையிடம் வருகிறாரோ அவர்தான் அதற்கு ஞானத்தகப்பன். அவர்கள் பாஷையில் ‘கூம்’. வருகிறவன் திருடனாக இருக்கலாம், வேற்று மதத்தானாக இருக்கலாம், ஜென்மப் பகையாளியாகவும் இருக்கலாம். அவனும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது, பெற்றவர்களும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கூம் உறவு வந்துவிட்டால் அப்புறம் சண்டை, வழக்கு எதுவும் கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைப்பவரும் அவரே. தேவாலயத்தில் ஞானஸ்நானத்தின்போது அவர் வாய் திறந்து சொல்லும்வரை பெற்றவர்களுக்கே பெயர் தெரியாது.

இந்த வழக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றியது இந்தப் புதிர். விடை கடைசியில் இருக்கிறது. தயவுசெய்து கண்ணை இப்போதே அங்கே ஓடவிடாதீர்கள்.

பிளம் தோப்புகள் நிறைந்த சுமாதியா மலைநாட்டில் ரதோவான் என்றொரு குடியானவன் இருந்தான். அவன் மனைவி ஷிவானா. பிறந்த சில வாரங்களிலேயே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள். மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான். ஊருக்கே கேட்கும்படி அழுதான். அந்த அழுகையைக் கேட்டு ஷிவானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவன் தங்க வேண்டும், அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

வெயில் ஏறிய ஒரு காலையில் குழந்தையைத் துணியில் சுற்றி முச்சந்தியில் பெரிய கல்லின் முன்னால் கிடத்தினார்கள். ரதோவான் இந்தப் பக்கப் புதரில். ஷிவானா அந்தப் பக்கப் புதரில்.

வந்தவன் ஒப்ரென். ஓடைக்கரையில் தண்ணீரால் சுற்றும் மாவு ஆலை வைத்திருப்பவன். ஓடைத் தண்ணீரை ஆலைக்குத் திருப்பிக்கொண்டான் என்று ஏழு வருஷமாக ரதோவானுக்கும் அவனுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஒப்ரென் குழந்தையின் முன்னால் வந்து நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான். புதருக்கு வெளியே ஒரு செருப்பு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு ஒட்டுப்போட்ட ரதோவானின் செருப்பை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? யார் பிள்ளை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கூப்பிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ, சற்று நேரம் நின்றான். ரதோவான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒப்ரென் தன் ஆட்டுத்தோல் தொப்பியைக் கழற்றி, பிள்ளையின் கண்ணில் வெயில் படாதபடி தலைமாட்டில் நிறுத்திவைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

அடுத்து உப்பு வியாபாரி கவ்ரிலோ கழுதையோடு வந்தான். பிள்ளையில்லாத மனுஷன். குழந்தையைக் கண்டதும் கழுதையை விட்டுவிட்டு ஓடிவந்து வாரியெடுத்து முத்தமிட்டான். ரதோவான் புதரிலிருந்து ஒரே பாய்ச்சலாக வந்தான்.

“இனிமே நீங்கதான் எங்களுக்குக் கூம்!”

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில், கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. குஸ்லே என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தை வாசித்து ஊர் ஊராகப் பாடும் சவ்வா அங்கிருந்து எழுந்து வந்தான். அவனுக்குக் கண் தெரியாது.

“ஏம்ப்பா, நான் விடியறதுக்கு முன்னாடியே இங்க வந்து படுத்துட்டேன். எனக்கப்புறம்தான் உங்க பிள்ளையே வந்திருக்கு. அப்ப யாரு முதல்ல?”

“தூங்கறவரு எப்படி கூம் ஆவாரு?” என்றான் கவ்ரிலோ. “தூக்கினது நான். பாருங்க, தாடியைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான்!”

உண்மைதான். பிடித்த பிடி வியாபாரியின் கண்ணில் தண்ணீரையே வரவழைத்துவிட்டது.

அப்போது எதிர்ப் புதரிலிருந்து ஷிவானா வந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள்.

“இது யாரோட தொப்பி?” என்று கணவனைக் கேட்டாள்.

ரதோவான் பக்கத்துப் பிளம் மரத்தில் காய் பிடித்திருக்கிறதா என்று ஆராய ஆரம்பித்தான்.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“அவன் தானா வந்தான், தானா போயிட்டான். பிள்ளையைத் தொடக்கூட இல்ல. வேண்டாம்னுதானே போனான்?”

இனி நீங்கள் சொல்லுங்கள். முன்பே வந்து தூங்கிய சவ்வாவா, வந்து நின்று திரும்பிப்போன ஒப்ரெனா, வாரியெடுத்த கவ்ரிலோவா? இவர்களில் யார் அந்தக் குழந்தைக்குக் கூம்?

விடை: ஒப்ரென். சவ்வா முன்பே வந்தவன்தான், ஆனால் வழக்கம் கேட்பது குழந்தையைக் கிடத்திய பிறகு வருகிறவரை. தூக்குவதைப் பற்றி அது பேசவே இல்லை, ஆகவே கவ்ரிலோவும் இல்லை. ஒப்ரென் போய்விட்டானே என்றால், போவதற்கு அவனுக்கு உரிமை கிடையாது. போகவிடுவதற்கு ரதோவானுக்கும் கிடையாது. ஷிவானா இதையே சுருக்கமாகச் சொன்னாள்: “நமக்குப் பிடிச்ச ஆளாப் பொறுக்கணும்னா வீட்டுலயே உக்காந்து பொறுக்கியிருக்கலாமே. பிள்ளையை எதுக்கு வெயில்ல போட்டோம்?” முகம் வாடிய கவ்ரிலோவிடம், “அடுத்த பிள்ளைக்கு நீங்க கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி வாங்க அண்ணே” என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சவ்வா பாட, கழுதையும் சேர்ந்து கத்த, எல்லோருமாக மாவு ஆலைக்குப் போனார்கள். கதவைத் திறந்த ஒப்ரென் குழந்தையை வாங்கிக்கொண்டு அழுதுவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவன் சொன்ன பெயர் ஸ்தானோயெ. ‘நில், போகாதே’ என்று அதற்குப் பொருள். பிள்ளை தங்குவதற்காக வைத்த பெயர்தான். ஆனால் ரதோவானுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று முச்சந்தியில் ஒப்ரென் திரும்பி நடந்தபோது, புதருக்குள்ளிருந்து தான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையும் அதுதான். வெளியே வந்ததும் ஒப்ரெனின் கையைப் பிடித்துக்கொண்டு, “கூம், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றான்.