சிவலை உள்ளே அழைத்த நாள்

குன்றை ஒட்டி ஒரு காடு. அந்தக் காட்டு விலங்குகளைப் போல இளகிய மனம் படைத்தவற்றை நீங்கள் வேறு எந்தக் காட்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள், பிள்ளைகளே. இந்தக் கதையில் வரும் தொல்லையும் அந்த இளகிய மனத்தால் வந்ததுதான்.

காட்டின் ஓரத்தில் ஒரு பழைய பட்டி இருந்தது. சுற்றிலும் கல்சுவர், மேலே பாதிக் கூரை. இனி உதவாது என்று ஊரில் அவிழ்த்துவிடப்பட்ட கால்நடைகள் போக்கிடம் தெரியாமல் அந்தப் பக்கம் வந்து திகைத்து நிற்கும். அவற்றுக்காகக் காட்டு விலங்குகள் கூடிப் பேசி அந்தப் பட்டியை ஒதுக்கிக் கொடுத்தன. முறை வைத்துக்கொண்டு தீனி கொண்டு வருவது என்றும் முடிவாயிற்று. கட்டாயம் ஒன்றும் இல்லை. விருப்பப்பட்டவை வரலாம். விருப்பப்பட்டவையோ வரிசை கட்டி நின்றன.

அப்படிப் பட்டிக்கு வந்து சேர்ந்ததுதான் சிவலை. பதினைந்து வருஷம் எண்ணெய்ச் செக்கைச் சுற்றிய மாடு. நடை தளர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து விரட்டிவிட்டார்கள். பட்டிக்கு வந்த முதல் நாள் கரடி ஒரு கட்டுப் புல்லைச் சுவருக்கு மேலாகப் போட்டு, "சாப்பிடுங்கள், பெரியவரே" என்றது. சிவலை புல்லையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தது. வேலை வாங்காமல் அதுவரை யாரும் அதற்குத் தீனி வைத்ததில்லை.

அன்றிலிருந்து சிவலை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது. யார் எதைக் கொண்டு வந்தாலும் வாசல்வரை நடந்து வந்து, தலையைத் தாழ்த்தி, நிதானமாக நன்றி சொல்லும். அதற்குப் பிறகுதான் புல்லில் வாய் வைக்கும்.

இந்த நன்றி காடு முழுக்கப் பேர் வாங்கிவிட்டது. அதைக் கேட்பதற்கென்றே சிலர் தீனி கொண்டு வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். மயில் தன் முறை வரும் நாளில் தோகையைக் கோதிக்கொண்டு வரும். குரங்கு நன்றியை வாங்கிக்கொண்டு போய், மரத்துக்கு மரம் நின்று அதைச் சொல்லிக் காட்டும். கரடிக்கு அதெல்லாம் வேண்டாம். கட்டுப் பெரிதாக இருந்தால் போதும், அதற்கு மனம் நிறைந்துவிடும்.

மழைக்காலம் வந்தது. பாதிக் கூரை அல்லவா, பட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. சாணமும் மூத்திரமும் மழைநீரும் கலந்து தரை சகதியாயிற்று. சிவலையின் குளம்புகளுக்கு நடுவே புண் வந்தது. படுக்கலாம் என்றால் ஒரு முழம் காய்ந்த இடம் இல்லை. நின்றபடியே கண்ணை மூடித் திறந்து பொழுதைக் கழித்தது. கால் வலியில் தீனி இறங்கவில்லை. விலா எலும்புகள் தெரியத் தொடங்கின.

சுவருக்கு வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. கால் தெரியவில்லை.

"அடடா, இளைத்துவிட்டாரே" என்று கரடி பதறியது. மறுநாள் இரண்டு கட்டு வந்தது. தின்றது போக மிச்சம் கீழே விழுந்து அழுகி, சகதி இன்னும் ஏறியது. சிவலை இன்னும் இளைத்தது. அடுத்து நான்கு கட்டு வந்தது. அன்பு கூடக் கூடச் சகதியும் கூடியது, பாருங்கள்.

அந்தச் சமயம் பட்டியில் வேறு கால்நடை இல்லாததால், சிவலைக்கு ஒரே ஒரு துணைதான் இருந்தது. அது ஒரு சாணி வண்டு. கட்டை விரல் நகமளவு உடம்பு, உலகத்தையே உருட்டிவிடலாம் என்ற நினைப்பு. விடிந்ததும் சாணத்தை உருண்டை பிடித்து, பின்னங்காலால் தள்ளிக்கொண்டு வெளியே போகும். திரும்பி வந்து அடுத்த உருண்டை பிடிக்கும். ஆனால் சிவலை ஒரு வேளை போடும் சாணத்தை உருட்டி முடிக்கவே அதற்கு ஒரு மாதம் ஆகும்.

ஒரு நாள் காலை சிவலையின் முன்னங்கால்கள் மடங்கப் பார்த்தன. சுவரில் சாய்ந்து எப்படியோ நின்றுகொண்டது. அந்த வயதில் விழுந்த மாடு திரும்ப எழுந்திருக்காது. அது சிவலைக்கும் தெரியும், வண்டுக்கும் தெரியும்.

"அண்ணே, இன்றைக்காவது அவர்களிடம் சொல்லிவிடு" என்றது வண்டு.

"என்னவென்று சொல்ல? பதினைந்து வருஷத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடு என்று சொன்னதில்லை. இவர்கள் மழையில் நனைந்து புல் சுமந்து வருகிறார்கள். அவர்களிடம் போய், தரை சரியில்லை என்று குறை சொல்ல எனக்கு நாக்கு வருமா? நீ வேண்டுமானால் சொல்லிப் பார்."

"நானா? நான் போய் வாயைத் திறந்தால் மயில் காதைக் கொடுக்காது, அலகைத்தான் கொடுக்கும்" என்றது வண்டு. கரடியும் வண்டு தின்பதில் சளைத்ததல்ல என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

வண்டு உருண்டையின் மேல் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "சரி அண்ணே, குறை சொல்ல வேண்டாம். நன்றியே சொல். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன்னைத் தேடி வருகிறவர்களை வாசலோடு நிறுத்தி அனுப்புகிறாயே, அது மரியாதையா? ஒரு நாளாவது உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாயா?" என்றது.

சிவலைக்குச் சுருக்கென்றது. உண்மைதானே, வந்தவர்களை உள்ளே அழைக்காமல் அனுப்புகிற வீடும் ஒரு வீடா? இத்தனை நாள் இது தோன்றவே இல்லையே என்று அது வெட்கப்பட்டது. வண்டின் மனத்தில் வேறு கணக்கு ஓடியது அந்த அப்பாவி மாட்டுக்குத் தெரியாது.

அன்று பெரியவர் மெலிந்துபோனார் என்று கரடி, மயில், குரங்கு மூவரும் சேர்ந்தே வந்தார்கள். கரடியின் முதுகில் ஆறு கட்டுப் புல் இருந்தது. சிவலை வாசலுக்கு வந்து, "இன்றைக்கு எல்லாரும் உள்ளே வர வேண்டும். என் இடத்தில் வைத்து நன்றி சொல்ல ஆசைப்படுகிறேன்" என்றது.

மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. வண்டு சட்டென்று ஒரு கல்லிடுக்கில் நுழைந்துகொண்டது.

உள்ளே காலை வைத்ததும் கரடி கணுக்கால்வரை இறங்கியது. மயிலின் தோகை சகதியில் புரண்டது. குரங்கு ஒரே தாவலில் கூரை விட்டத்தில் ஏறிக்கொள்ள, சிவலை மேலே பார்த்து, "கீழே வாருங்கள் தம்பி, முகம் பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நிறைவு" என்றது. குரங்கு வேறு வழியில்லாமல் இறங்கி நின்றது.

சிவலை தொடங்கியது. அது பேசுவதும் செக்கு சுற்றுவது போலத்தான், அவசரமே கிடையாது. கரடி போட்ட முதல் புல்கட்டைச் சொன்னது. அதில் மேலாக இருந்த இளம் அறுகை நினைவு வைத்துச் சொன்னது. மயில் கொண்டு வந்த கம்பங்கதிரைச் சொன்னது. காய்ச்சல் வந்த அன்று குரங்கு பறித்துப் போட்ட வில்வக்காயையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது அதன் கண் கலங்கியது. வாயில் வந்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கரடி முதலில் இடது காலைத் தூக்கியது. பிறகு வலது காலைத் தூக்கியது. எங்கே வைத்தாலும் ஈரம், எங்கே வைத்தாலும் நாற்றம். சூரியன் கூரைக்கு மேலே வந்துவிட்டது. நன்றி இன்னும் பாதிகூட முடியவில்லை.

கடைசியில் கரடி தயங்கித் தயங்கிக் கேட்டது. "பெரியவரே, குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எங்கே படுப்பீர்கள்?"

சிவலை பேச்சை நிறுத்தியது. "படுப்பதில்லை."

"எத்தனை நாளாக?"

"மழை தொடங்கியதிலிருந்து."

மூவரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். ஒரு காலைப் பொழுது நின்றதற்கே அவர்களுக்குக் கால் கடுத்தது. மழை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று மயில் கேட்டது. அதன் குரலில் இப்போது பெருமை இல்லை.

"நீங்கள் கொடுத்ததைச் சொல்லவே எனக்குப் பொழுது போதவில்லை, ஐயா. இல்லாததைச் சொல்ல எங்கே நேரம்?" என்றது சிவலை.

கரடி ஆறு கட்டுப் புல்லையும் சுவருக்கு வெளியே வைத்தது. பிறகு சுவரோரம் குனிந்து நகத்தால் மண்ணைக் கீறத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் பட்டியின் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வந்தது, நின்ற நீர் வடிந்தது. மயில் தோகையை மறந்து, கோழி கிளறுவது போலச் சகதியைக் காலால் வாரித் தள்ளியது. குரங்கு தன் கூட்டத்தையே கூட்டி வந்து பனையோலை போட்டுக் கூரையின் மறுபாதியை மூடியது. பாறை இடுக்குகளில் காய்ந்து கிடந்த சருகுகளை அள்ளி வந்து தரையில் பரப்பியது. அன்று மட்டும் அது யாரிடமும் எதையும் சொல்லிக் காட்டவில்லை.

அன்றே முறையையும் மாற்றிக்கொண்டார்கள். தீனி கொண்டு வருபவர் ஒருவர் என்றால், தரையைக் கூட்டிச் சருகு மாற்றுபவர் இருவர். யாராக இருந்தாலும் முதலில் உள்ளே வந்து சற்று நேரம் நிற்க வேண்டும். சாணி வண்டைத் தின்னக் கூடாது என்றும் ஒரு விதி சேர்ந்தது. அதைக் கேட்டுச் சேர்க்கச் சொன்னது சிவலைதான். இவ்வளவுக்கும் காரணம் யார் என்பது இதற்குள் சிவலைக்குப் புரிந்திருந்தது.

எல்லாம் முடிந்ததும் சிவலை சருகின் மேல் முன்னங்காலை மெல்ல மடித்தது. பின்னங்காலையும் மடித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அதன் வயிறு காய்ந்த தரையில் பட்டது. அசை போட்டபடியே சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் நான்..." என்று தொடங்கியது.

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டது.

மூவரும் அந்த நன்றியை முழுசாக வாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் வெளியே நடந்தார்கள். கல்லிடுக்கிலிருந்து வண்டு வந்து, தன் உருண்டையைத் தேடியது. ஒன்றும் மிச்சம் இல்லை. பரவாயில்லை, காலையில் கிடைக்கும் என்று அதுவும் சிவலையின் கழுத்தோரம் சுருண்டுகொண்டது.

நீதி: உதவ நினைப்பவர், உதவி பெறுபவர் நிற்கும் இடத்தில் முதலில் தாமும் சற்று நின்று பார்க்க வேண்டும்.